வளையமும் வலம்தான் வர வேண்டும்

பரசுராமன் முப்பத்து நான்கு வருடம் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லாட்டை என்கிற நிலக்கடலை போட்ட குடும்பத்தில் பிறந்து, கம்பம் ஏறும் வேலைக்கு வந்து, திருவண்ணாமலைக்குள் தான் ஏறாத கம்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்கிற நிலையில் ஓய்வு பெற்றார். எதையும் டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் நம்பமாட்டார். "கரண்ட் இல்ல, தொடுப்பா" என்று மேலதிகாரியே சொன்னாலும் தொடமாட்டார். பத்து விரலும் பத்திரமாக இருப்பதற்கு அதுதான் காரணம் என்பார்.

அப்படிப்பட்டவர் சோதித்துப் பார்க்காமல் நம்பிய ஒரே பொருள் வீட்டில் இருந்த செல்போன். அது அவர் மனைவி வள்ளியின் போன். படுக்கும் முன் சார்ஜில் போடுவது வள்ளி. இருவரும் நடக்கக் கிளம்பும்போது எடுத்து அவர் சட்டைப் பையில் செருகுவதும் வள்ளி. பேட்டரி என்று ஒன்று தீர்ந்துபோகும் என்பதே பரசுராமனுக்கு மறந்திருந்தது.

தை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை அவர் ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தபோது, வள்ளி சமையலறையில் விழுந்தார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். அவர் அரிசிப் பையோடு திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது.

இருவரும் பத்தொன்பது வருடம் திங்கட்கிழமைதோறும் விடியலில் கிரிவலம் போனவர்கள். பௌர்ணமிக் கூட்டம் வள்ளிக்கு ஆகாது. காரியம் முடிந்த அடுத்த திங்களே பரசுராமன் தனியாகக் கிளம்பினார். ஒரு வருடம் போகக்கூடாது என்று உறவுக்காரர்கள் தடுத்தார்கள்.

"கோயிலுக்குள்ள போறேன்னா சொன்னேன்? ரோட்டுல நடக்கறேன். ரோட்டுக்கு ஏதுங்க தீட்டு?"

 யார் என்ன சொல்லியிருந்தாலும் அவர் போயிருப்பார்.

ஆனி மாதத்தில் ஒரு திங்கள், மலைக்குப் பின்புறம், பாதையின் எட்டு லிங்கங்களில் ஆறாவதான வாயு லிங்கத்தை நெருங்கும்போது, போன் அணைந்துபோனது. அவருக்கு அது தெரியவே தெரியாது. ஆதி அண்ணாமலையைத் தாண்டி வழக்கமாக உட்காரும் மண்டபத்தின் நிழலில் காலை நீட்டி உட்கார்ந்தார், டீ குடித்தார், மெல்ல நடந்து பத்து மணிக்கு தாமரை நகர் வீட்டுக்கு வந்தார். வாசலில் எதிர்வீட்டு கோபி ஆட்டோவைக் குறுக்கே நிறுத்திக்கொண்டு நின்றிருந்தான். முகம் வெளுத்திருந்தது.

"இன்னாண்ணா நீ! மலைய மூணு ரவுண்டு சுத்திட்டேன். ஒரே காலைல எனக்கு மூணு கிரிவலப் புண்ணியம்."

"ஏன்டா?"

"உம் பொண்ணு போன் மேல போன். உன் போன் செத்துப்போச்சு. பொண்ணு அங்க அழுவுது."

மகள் அருணாதேவி சென்னையில் இருப்பவள். மின்சார ஸ்கூட்டர்களின் பேட்டரியைக் கட்டுப்படுத்தும் மென்பொருள் எழுதுவது அவள் வேலை. அன்று காலை அப்பாவுக்கு இருபத்து மூன்று முறை அழைத்திருந்தாள். பிறகு பஸ் ஏறிவிட்டாள். மத்தியானம் இரண்டரைக்கு வீட்டுக்குள் வந்தவள் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றாமலே பேசினாள்.

"வீட்டைப் பூட்டுப்பா. சென்னைக்கு வந்துடு."

"கைய கழுவிட்டு வந்து உக்காரு. ரசம் இருக்குது."

"நான் சீரியஸா சொல்றேன்."

"நானும் சீரியஸாத்தான் சொல்றேன். ரசம் நல்லா வந்திருக்குது."

அவள் சிரிக்கவில்லை. பரசுராமன் தட்டைத் தள்ளி வைத்தார். சென்னை மகளின் வீடு மூன்றாவது மாடி. சன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சன்னல். அங்கே போனால் தனக்கு ஒரு குறையும் இருக்காது என்று அவருக்குத் தெரியும். திரும்பி வரமாட்டோம் என்றும் தெரியும்.

"இதோ பார். அடுத்த திங்க கெழமை போறேன். கெளம்பறதுலேர்ந்து வூடு வந்து சேர்ற வரைக்கும் இந்த போன் அணையாது. அணைஞ்சா, அன்னிக்கே பொட்டி கட்டறேன். நீ கூப்பிட வேணாம், நானே பஸ் ஏறி வர்றேன். அணையலன்னா இந்தப் பேச்சு இதோட முடிஞ்சுது. சரியா?"

அருணா யோசித்தாள். அப்பா சொன்ன சொல்லை மாற்றிப் பார்த்ததில்லை. "சரி" என்றாள்.

புது போன் வாங்கித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றார். இந்த போனில்தான் வள்ளி பதிந்த பெயர்கள் இருந்தன. பால்காரர் 'தண்ணிப் பால்' என்றும், எட்டு ஊருக்குக் கேட்கும் குரல் கொண்ட சொந்த நாத்தனார் 'எட்டூரு' என்றும். பவர் பேங்க் ஒன்றைக் கொடுத்தாள். சட்டைப் பையில் போட்டுப் பார்த்தார். பை தொங்கியது. "வெறுங்காலோட, வெறுங்கையோட நடக்கறவன் நான். இதுல கல்லைக் கட்டித் தொங்கவுடறியா?" என்று மேசைமேல் வைத்துவிட்டார். "எவ்ளோ இருக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சா போதும். மீதிய நான் பார்த்துக்கறேன்."

தெரிவதில்தான் சிக்கல் இருந்தது. அவர் கண்ணில் அழுத்தம் ஏறி, ஓரப் பார்வை போய்விட்டிருந்தது. நேரே, கொஞ்சம் பெரிதாக இருப்பது தெரியும். மூலையில் இருப்பது தெரியாது. போனின் பேட்டரிப் படமோ வலது மேல்மூலையில், அரிசி அளவில் இருந்தது. அருணா அமைப்புகளுக்குள் போய், அதன் பக்கத்தில் சதவீத எண் வரும்படி செய்தாள். எழுத்தைப் பெரிதாக்கினாள். மற்ற எல்லாம் பெரிதாயின. அந்த எண் மட்டும் அப்படியே நின்றது.

"இதுல ஒரு எறும்பு உக்காந்திருக்குது" என்றார் பரசுராமன்.

செவ்வாய்க்கிழமை காலை முழுக்க அவள் தேடினாள். அந்த போனின் முன்பக்கக் கேமரா, திரையின் உச்சியில் நட்டநடுவே ஒரு கருப்புப் பொட்டாக இருந்தது. அந்தப் பொட்டைச் சுற்றி வளையம் வரைந்து, பேட்டரி குறையக் குறைய வளையத்தையும் குறைத்துக் காட்டும் ஆப் ஒன்று கிடைத்தது. அதைப் போட்டாள். மற்ற திரைகளின் மேலும் அது தெரிய அனுமதி கொடுத்தாள். மிச்சப்படுத்துகிறேன் என்று போன் அதைத் தானாக மூடிவிடாமல் இருக்க விலக்கும் கொடுத்தாள். வளையத்தின் தடிமனை எவ்வளவு முடியுமோ அவ்வளவு கூட்டினாள்.

பரசுராமன் போனைக் கை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். நடுவில் இருந்ததால் பளிச்சென்று தெரிந்தது.

"பச்சை எதுக்கு?"

"நிறைய இருந்தா பச்சைப்பா. எல்லாரும் அப்படித்தான் வெப்பாங்க."

"பச்சை எர்த்து ஒயருக்கு. அதுல கரண்ட் இருந்தா ஆபத்துன்னு அர்த்தம். மஞ்சள் போடு."

மஞ்சள் போட்டாள். கால் வளையத்துக்குக் கீழே வந்தால் சிவப்பாகும்படி வைத்தாள். மணியும் அடிக்க வைக்கட்டுமா என்று கேட்டாள். "வேணாம். இந்த ஊருல மணி அடிச்சா எந்தக் கோயில்னுதான் பார்ப்பேன்" என்றார்.

"ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோப்பா. இது அளந்து சொல்றது இல்ல. உள்ள கணக்குப் போட்டு யூகமா சொல்றது. பேட்டரி பழசு. சிவப்புக்கு வந்துட்டா அந்த யூகத்தை நம்பாதே. சட்டுனு அணைஞ்சுடும்."

இது அவருக்குப் பிடித்தது. நம்பாதே என்று சொல்கிற கருவியை அவர் நம்பத் தயாராக இருந்தார்.

அன்று சாயங்காலம் வரை மணிக்கொரு தரம் எடுத்துப் பார்த்தார். விளக்கு வைக்கும் நேரத்தில் மகளைக் கூப்பிட்டார். குரல் மாறியிருந்தது.

"அருணா, இது அப்பிரதட்சிணமா போவுது."

"எது?"

"இந்த வளையம். மேல இருந்து கொறைய ஆரம்பிச்சு, இடப்பக்கமா சுத்திக்கிட்டு வருது. நடுவுல மலை மாதிரி ஒரு பொட்டு. அதைச் சுத்தி எதிர்ப்பக்கமாவா போவாங்க? மாத்து."

அருணா விளக்கினாள். நிரம்பும்போது அது வலமாகத்தான் நிரம்புகிறது. வலமாக நிரம்புகிற எதுவும் குறையும்போது பின்னால்தானே வர வேண்டும்?

"நிரம்பறப்போ நான் தூங்கிட்டிருப்பேன். கொறையறப்போதான் கூடவே நடக்கப்போவுது. கூட நடக்கறது ஒழுங்கா நடக்கணும்."

அவள் போனை மறுபடி கையில் வாங்கினாள். அமைப்புகளுக்குள் திசை என்றொரு இடம் இருந்தது. மாற்றினாள். இப்போது வெற்றிடம் உச்சியில் தொடங்கி வலமாக நகர்ந்தது.

"நடை தொடங்கறது கிழக்குல இல்ல? இது வடக்குல தொடங்குதே."

"அப்பா!"

"சரி சரி. போவட்டும்."

புதன்கிழமை அவள் சென்னை திரும்பினாள். போவதற்கு முன், அப்பா இருக்கும் இடத்தை அவர் போன் நொடிக்கு நொடி தன் போனுக்குக் காட்டும்படி செய்துவிட்டுப் போனாள். அதைச் சொல்லிவிட்டுத்தான் போனாள். பரசுராமன் தலையாட்டினார்.

அடுத்த நான்கு நாளும் அவர் சும்மா இருக்கவில்லை. விடிகாலை ஐந்து மணிக்குச் சார்ஜரைப் பிடுங்கி, ஒன்பது மணிக்கு வளையத்தைப் பார்ப்பார். நாலு மணி நேரத்தில் கால் வளையம்தான் குறைந்தது, அதுவும் முழுசாக இல்லை. காலண்டர் தாளின் பின்பக்கம் வளையம் வரைந்து வைத்துக்கொண்டார். நாலு நாளும் ஒரே அளவு. திங்கட்கிழமை வீடு திரும்பும்போது பாதிக்கு மேல் மிச்சமிருக்கும் என்று முடிவுக்கு வந்தார்.

திங்கள், ஐந்து மணி. ராஜகோபுரத்தை வெளியிலிருந்தே கும்பிட்டுவிட்டு நடந்தார். இந்திர லிங்கத்தில் வளையம் முழுசாக இருந்தது. அக்கினி லிங்கத்தில் சின்ன இடைவெளி. நடக்கையில் போன் அடித்தது. அருணா.

"எங்கப்பா இருக்கே?"

"நீதான் பார்த்துட்டிருக்கியே."

"சும்மா கேட்டேன்."

செங்கம் ரோட்டில் எம லிங்கத்தருகே வருவதற்குள் மறுபடி இரண்டு முறை அடித்தது. டீக்கடைகள் முடிந்து, கிரிவலப் பாதைக்குள் திரும்பும்போது இன்னொன்று. நிருதி லிங்கத்தில் நின்று போனை எடுத்துப் பார்த்தார்.

வெற்றிடம் அடி வரை வந்துவிட்டிருந்தது. பாதி வளையம் காலி. அவரோ இன்னும் பாதி மலையைச் சுற்றவில்லை.

பரசுராமன் நடைபாதைச் சுவரில் உட்கார்ந்தார். பதற்றம் வந்தது. அதை ஓரமாக வைத்தார். ஒரு டிரான்ஸ்பார்மரில் பீஸ் திரும்பத் திரும்பப் போனால் பீஸைத் திட்டுவதில் பயனில்லை. எந்த வீட்டில் என்ன ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். வீட்டில் நாலு மணி நேரத்துக்குக் கால் வளையம். இங்கே ஒன்றரை மணி நேரத்துக்குப் பாதி. அதே போன், அதே பேட்டரி. இடையில் சேர்ந்த லோடு, கரண்டை இழுக்கும் சுமை, எது? நடப்பவர் அவர், அதற்குப் போன் கரண்ட் செலவழிக்காது. வீட்டில் போன் ஒரே இடத்தில் கிடந்தது. இங்கே அது ஒவ்வொரு அடிக்கும் இடத்தைத் தேடிப் பிடித்துச் சென்னைக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. போதாததற்கு நாலு அழைப்பு. இனி மலைக்குப் பின்புறம். அங்கே சிக்னலே கம்மி. டவரைத் தேடித் தேடியே போன் களைத்துவிடும். போன வாரமும் அந்த வாயு லிங்கத்துப் பக்கம்தான் அணைந்திருக்க வேண்டும்.

இப்படியே போனால் இன்றும் அங்கேதான் அணையும். இடம் காட்டுவதை நிறுத்திவிட்டால் வீடு வரை தாங்கும். ஆனால் சென்னையில் அவள் திரையில் நகரும் புள்ளி நின்ற நொடியில் அவள் பஸ் ஏறிவிடுவாள். சொல்லாமல் நிறுத்துவது சரியில்லை. அவரே அழைத்தார்.

"என்னப்பா? என்னாச்சு?"

"ஒண்ணும் ஆவல. பாதி போயிடுச்சு. நிருதி லிங்கத்துல உக்காந்திருக்கறேன்."

"அதுக்குள்ளயா? எப்படி?"

"நீதான் லோடு."

"என்னது?"

"நீ என்னைப் பார்த்துட்டே இருக்கறே பாரு, அதுதான் பேட்டரிய திங்குது. அதை நிறுத்தறேன். நெட்டையும் நிறுத்தறேன்."

"நிறுத்தாதே."

"ஏம்மா, பேட்டரி வேலைதானே பார்க்கறே? உனக்குத் தெரியாததா?"

"தெரியும். தெரிஞ்சுதான் சொல்றேன். நிறுத்தாதே."

பரசுராமன் ஏன் என்று கேட்டார். 

"அன்னிக்கு வியாழக்கிழமை அம்மாவுக்கு நான் மூணு தடவை போன் பண்ணேன்ப்பா. எடுக்கல. சார்ஜ் இல்ல போலன்னு நெனைச்சேன். மீட்டிங்குக்குப் போயிட்டேன்."

ஐந்து மாதமாக அவள் இதைச் சொன்னதில்லை. பாதையில் இரண்டு வெள்ளைக்காரர்கள் அவரைக் கும்பிட்டுக் கடந்தார்கள். அவர் திரும்பக் கும்பிட மறந்தார்.

"அன்னிக்கு போன்ல சார்ஜ் முழுசா இருந்தது" என்றார். "சுவத்துல, சார்ஜர்ல தொங்கிட்டிருந்துச்சு. நான் வந்தப்போகூட விளக்கு எரிஞ்சுக்கிட்டுதான் இருந்தது. போன் நல்லாத்தான் இருந்தது. அவதான் இல்ல."

அவர் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"கேக்குதா? போன்ல சார்ஜ் இருக்கறது வேற, ஆள் இருக்கறது வேற. போன வாரம் போன் செத்துது. நான் டீ குடிச்சிட்டிருந்தேன்."

"ம்."

"எல்.சி. ஞாபகம் இருக்குதா?"

அவளுக்குத் தெரியாமல் இருக்காது. லைன்மேன் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது வாய்ப்பாட்டுக்கு முன்பே தெரியும். கம்பம் ஏறுவதற்கு முன் துணைமின் நிலையத்தில் தன் பெயரைச் சொல்லி லைனை நிறுத்தி வாங்குவதற்குப் பெயர் லைன் கிளியர், சுருக்கமாக எல்.சி. வாங்கியவன் இறங்கி வந்து, தன் வாயால் திருப்பிக் கொடுக்கும் வரை, ஊரே இருட்டில் கிடந்தாலும் யாரும் சுவிட்சில் கை வைக்கக் கூடாது. கலெக்டர் சொன்னாலும் கூடாது. நேரமாகிறதே என்று ஒருவன் அவசரப்பட்டால் மேலே இருப்பவன் செத்தான்.

"உங்கிட்ட எல்.சி. கேக்கறேன். பரசுராமன், நிருதி லிங்கத்துலேர்ந்து ஈசான்ய லிங்கம் வரைக்கும். நான் திருப்பிக் குடுக்கற வரைக்கும் நீ இந்த லைன்ல கை வெக்கக்கூடாது. போன் கூடாது, மெசேஜ் கூடாது, கோபிக்கும் சொல்லக்கூடாது. குபேர லிங்கத்துல ஒரு தடவை நானே கூப்பிடுவேன்."

"எத்தனை மணிக்கு?"

"மணி கேக்காதே. கம்பத்துல இருக்கறவனை மணி கேப்பாங்களா?"

 பிறகு அவள், துணைமின் நிலையத்தில் சொல்வது போலவே, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "பரசுராமனுக்கு எல்.சி. குடுத்தாச்சு. மணி ஆறு நாப்பது."

அவர் இடம் காட்டுவதை நிறுத்தினார். நெட்டை நிறுத்தினார். எழுந்து நடந்தார்.

வருண லிங்கம் வந்தது. வளையம் அசையவில்லை. ஆதி அண்ணாமலை ஊருக்குள் பால் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. உட்காரும் மண்டபம் வந்தபோது கால் தானாக அந்தப் பக்கம் திரும்பியது. உட்காரவில்லை. சென்னையில் ஒருத்தி போனைக் கையில் வைத்துக்கொண்டு அதைத் தொடாமல் இருக்கிறாள். தான் மலை சுற்றுவதைவிட அவள் வேலை கடினம் என்று அவருக்குத் தெரிந்தது. நடையை எட்டிப் போட்டார்.

வாயு லிங்கத்தில் போனை எடுத்தார். இன்னும் உயிரோடிருந்தது. நூலளவு குறைந்திருந்தது, வலமாகத்தான். குபேர லிங்கத்தில் கூட்டம். தள்ளி நின்று அழைத்தார். முதல் மணி முழுசாக அடிப்பதற்குள் எடுத்தாள்.

"குபேரன். நல்லாருக்கறேன். எல்.சி. இன்னும் எங்கிட்டதான் இருக்குது."

"சரிப்பா."

வேறு ஒன்றும் கேட்கவில்லை. கேட்க நினைத்தது அவருக்குக் கேட்டது.

காஞ்சி ரோட்டில் வெயில் ஏறிவிட்டது. குபேரனில் பேசிய பிறகு பழைய பேட்டரி மளமளவென்று இறங்கி, ஈசான்ய லிங்கத்துக்கு முன்னால் ஒரு இடத்தில் வளையம் சிவந்தது. அருணா சொன்ன இடம் அதுதான். இதற்குக் கீழே யூகத்தை நம்பாதே. அவர் நம்பவில்லை. திரையை அணைத்துப் பையில் வைத்தார். திரும்ப எடுத்துப் பார்த்தால் அதற்கும் செலவு. வீடு இன்னும் இருபது நிமிடம். போன் அதுவரை தாங்கினால் பேச்சு முடிந்தது. ஈசான்யத்தில் பேசினால் அந்த ஒரு அழைப்பிலேயே அணைந்துபோகலாம். பேசாமல் நேரே வீட்டுக்குப் போய், சார்ஜில் செருகிவிட்டு நிதானமாக அழைக்கலாம். வென்றுவிடலாம்.

ஆனால் எல்.சி. ஈசான்யம் வரைதான் வாங்கியிருந்தார். சொன்ன இடத்தில் திருப்பிக் கொடுக்காதவன் லைன்மேன் இல்லை. ஈசான்ய லிங்கத்தின் எதிரே நின்று அழைத்தார்.

"பரசுராமன் பேசறேன். எல்.சி. திருப்பிக் குடுத்தாச்சு. ஆள் கீழ எறங்கிட்டான். சிவப்பு வந்துடுச்சு, எப்போ வேணா அணையும். அணைஞ்சா பொட்டி கட்டணும், அது பேச்சு. ஆனா நீ பயப்படக் கூடாது, அதுக்குத்தான் போன்."

"அப்பா, போனை வெச்சுடு. பேட்டரி போவுது."

"இரு. நீ ஒரு வார்த்தை சொல்லு."

"பொட்டியெல்லாம் கட்ட வேணாம்." அவள் தெளிவாகச் சொன்னாள். "அணைஞ்சாலும் வேணாம். வெள்ளிக்கிழமை நான் வர்றேன். திங்கக்கிழமை உங்கூட நடக்கறேன்."

"வா. உன் போனை வூட்லயே வெச்சுட்டு வரணும்."

"முடியாது."

"அப்போ அணைச்சு எங்கிட்ட குடு."

"அதுவும் முடியாது."

"பாதி வழியாவது?"

அருணா என்னவோ சொல்லத் தொடங்கினாள். அதற்குள் போன் அணைந்துவிட்டது. பரசுராமன் அதைப் பையில் போட்டுக்கொண்டு, அவசரமில்லாமல் வீட்டைப் பார்த்து நடந்தார்.